108 திருவிளக்கு பூஜை முதல்முறை நடத்துகிறீர்களா? அனுமதி, செலவு, பாட்டு, நேரம்: முழுக் கணக்கு

கொங்குப் பக்கம் ஆடி வெள்ளி, தை வெள்ளி வந்தால் ஊருக்கு ஊர் திருவிளக்கு பூஜை நடக்கும். வீட்டில் ஒரு விளக்கேற்றி மகாலட்சுமியைக் கும்பிடுவது எளிது. நூற்றெட்டுப் பெண்களை ஒரே இடத்தில் உட்கார வைத்து, ஒரே நேரத்தில் விளக்கேற்றி, ஒரே குரலில் பாட வைப்பது முற்றிலும் வேறு வேலை. முதல்முறை பொறுப்பேற்கும் மகளிர் குழுவோ கோயில் கமிட்டியோ தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். விளக்கு எரியப்போவது ஒன்றேகால் மணி நேரம். எண்ணெய், பாட்டு, மைக் அனுமதி, பொங்கல் வேகும் நேரம் எல்லாவற்றையும் அந்த ஒன்றேகால் மணி நேரத்தை வைத்தே பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். பந்தல், சாப்பாடு என்று தொடங்கிப் பூஜையைக் கடைசியில் பொருத்தப் பார்த்தால் விளக்கு எரியும்போது பாட்டு இருக்காது, பாடும்போது எண்ணெய் இருக்காது.

1. நாளும் இடமும்

ஆடி வெள்ளி என்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே கோயிலில் நாள் கேட்டுவிடுங்கள். ஆடியில் நாலு அல்லது ஐந்து வெள்ளிதான் வரும். பெயர்பெற்ற அம்மன் கோயில்களில் அவை ஆண்டுதோறும் ஒரே கட்டளைதாரர்களுக்கு (அன்றைய பூஜைச் செலவை ஏற்பவர்களுக்கு) வழிவழியாகப் போய்க்கொண்டிருக்கும். கிடைக்காவிட்டால் பௌர்ணமியைக் கேளுங்கள்.

வரலட்சுமி நோன்பு வரும் வெள்ளியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளியில் வரும் அந்த நோன்பு சில வருடம் ஆடியிலும் சில வருடம் ஆவணியிலும் விழும். அன்றைக்கு நோன்பு எடுக்கும் வீட்டில் கலசம் இருக்கும், சொந்தபந்தம் வெற்றிலை பாக்குக்கு வந்துகொண்டிருக்கும். உங்களிடம் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் தேதி சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை ராகு காலம் காலை 10.30 முதல் 12 வரை, எமகண்டம் மாலை 3 முதல் 4.30 வரை. ஆகவே மாலை 4.30-க்கு மேல் ஆட்களை உட்கார வைத்து, பொழுது சாயும் நேரத்தில் விளக்கேற்றுவது எல்லோருக்கும் ஒத்துவரும். கோவைப் பக்கம் ஆடியில் 6.45-ஐ ஒட்டித்தான் பொழுது இறங்கும். தையில் அதற்கு அரை மணி முன்பே இருட்டிவிடும்.

இட அளவு: வரிசைக்குப் 18 பேர், ஆறு வரிசை. ஒருவருக்கு இரண்டரை அடி அகலம் என்றால் ஒரு வரிசை 45 அடி. நடைபாதையும் சேர்த்து 50-க்கு 40 அடி, அதாவது 2,000 சதுர அடி வேண்டும். அதற்குக் குறைந்த இடமென்றால் 54 விளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெருக்கி உட்கார வைத்து 108 காட்டுவது ஆபத்து. ஏன் என்பதை ஏழாவது பகுதியில் சொல்கிறோம்.

திறந்த வெளி என்றால் காற்றைக் கணக்கில் எடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், சூலூர்ப் பக்கம் விளக்கை ஐந்து நிமிடம் நிற்க விடாது. பந்தலின் மேற்குப் பக்கம் முழுவதும், தரையிலிருந்து ஆறடி உயரத்துக்குத் தார்ப்பாயோ தட்டியோ கட்டச் சொல்லுங்கள். மேலே மட்டும் துணி கட்டிவிட்டுப் போவது பந்தல்காரர் வழக்கம். பக்கவாட்டு மறைப்பைப் பேசும்போதே சொல்லி எழுதி வாங்குங்கள். ஆனைமலைப் பக்கம் சாரலும் சேர்ந்து வரும். அங்கே திறந்த வெளியே வேண்டாம், மண்டபம்தான்.

2. கடிதங்கள்

அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பம். ஊர்ப் பொதுக் கோயில் என்றால் நிர்வாகக் கமிட்டிக்கு. இரண்டிலும் இவை இருக்க வேண்டும்: நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை விளக்கு, கட்டணம் வாங்குகிறீர்களா, எவ்வளவு, பிரசாதம் கோயில் மடப்பள்ளியிலா வெளியிலிருந்தா, பொறுப்பாளர் மூன்று பேரின் பெயர், கைப்பேசி எண், ஆதார் நகல். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் தேதியோடு முத்திரை போட்டு வாங்கி வையுங்கள். "சரிங்க, நடத்திக்கோங்க" என்ற வாய்வார்த்தையை நம்பிப் பத்திரிகை அடிக்காதீர்கள். அலுவலர் மாறினால் அந்த வார்த்தையும் அவரோடு போய்விடும்.

கோயில் பெயரைப் போட்டு நீங்களாக ரசீது புத்தகம் அடிப்பது பெரிய தவறு. குழுவின் பெயரில்தான் ரசீது இருக்க வேண்டும், அதுவும் கோயில் அனுமதிக் கடிதத்தில் கட்டண விவரம் இருந்தால்தான்.

மைக்குக்குக் காவல் நிலைய அனுமதி வேண்டும். கோயில் அனுமதி நகலை இணைத்து, 15 நாள் முன்பே மனு கொடுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் நேர அளவு 55 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. மனுவிலேயே "பெட்டி வகை ஒலிபெருக்கி இரண்டு மட்டும், இரவு 8 மணிக்குள் நிறைவு" என்று எழுதிவிடுங்கள். கூம்பு ஒலிபெருக்கி என்று இருந்தால் மனு அங்கேயே நின்றுவிடும். மைக் செட்காரர் பழக்கத்தில் கூம்பைக் கட்டிவிடுவார், அன்று மாலை போய்ப் பார்த்துக் கழற்றச் சொல்லுங்கள்.

தெருவை அடைத்துப் பந்தல் போடுவதென்றால் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று இன்னொரு அலுவலகம் ஏற வேண்டும். முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

கல்யாண மண்டபம் எடுத்தால் அட்வான்ஸ் ரசீதில் "திருவிளக்கு பூஜை, 108 விளக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். வெறுமனே "விசேஷம்" என்று எழுதியிருந்தால், அன்றைக்குத் தரையில் எண்ணெய் படும் என்று மேனேஜர் தகராறு செய்வார், இல்லாவிட்டால் சுத்தம் செய்ய என்று தனிப் பணம் பிடிப்பார். மின்சாரம் மீட்டர் கணக்கா, வாடகையில் சேர்ந்ததா என்பதையும் அதே சீட்டில் எழுதி வாங்குங்கள்.

சமையல்காரர் வெளியாள் என்றால் அவருடைய உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. பணம்

விலை ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும். ஆனால் செலவு எங்கே போகிறது என்பது மாறாது. ஒரு விளக்குக்கான பொருள் (எண்ணெய், திரி, குங்குமம், பூ, வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், வளையல், ரவிக்கைத் துணி, பாட்டுத் தாள்) ஏறத்தாழ 220 முதல் 260 ரூபாய்க்குள் அடங்கும். பந்தல், மைக், பூசாரி அல்லது அர்ச்சகர் தட்சணை, பிரசாதம், சுத்தம் ஆகிய பொதுச் செலவைக் கூட்டி 108-ஆல் வகுத்தால் இன்னொரு 200, 250 வரும். ஆக ஒரு விளக்குக்கு 450 முதல் 500 ரூபாய்.

அதை அப்படியே கட்டணமாக வைக்காதீர்கள். விளக்குக்கு 250 ரூபாய் வாங்கி, பொதுச் செலவுக்கு உபயதாரர்களைப் பிடியுங்கள். பொங்கல் ஒருவர், பூ ஒருவர், மைக் ஒருவர் என்று பிரித்துக் கேட்டால் கொடுக்க முன்வருவார்கள். "நன்கொடை கொடுங்க" என்று பொதுவாகக் கேட்டால் நூறு ரூபாயோடு முடிந்துவிடும். கட்ட முடியாதவர்களுக்கென்று பத்து இடம் ஒதுக்கி வையுங்கள், யார் என்று வெளியே தெரிய வேண்டியதில்லை.

தட்சணையை முன்பே பேசிவிட வேண்டும். தேங்காய், துணி, அரிசி யாருக்குச் சேரும் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். பூஜை முடிந்த இடத்தில் நின்றுகொண்டு அதைப் பேசுவது யாருக்கும் அழகில்லை.

4. பெயர்ப் பதிவு

ஒரு நோட்டு, ஒரே ஆள். நாலு பேர் நாலு நோட்டில் எழுதினால் 108 என்பது 131 ஆகிவிடும். பெயர், எண், இட எண், கீழே உட்கார முடியுமா அல்லது நாற்காலி வேண்டுமா, விளக்கு கொண்டுவருகிறாரா என்ற ஐந்து விவரம் போதும். நாற்காலி கேட்பவர்களை வரிசையின் ஓரத்தில், தனி மேசையில் விளக்கு வைத்து அமர்த்துங்கள்.

கணவரை இழந்தவர்கள் தாமாகப் பெயர் கொடுக்கத் தயங்குவார்கள். நீங்களே போய்க் கூப்பிடுங்கள். விளக்கு மகாலட்சுமி என்றால் அது எல்லோர் வீட்டிலும் எரிகிற விளக்குதான். தாம்பூலத்தில் அவர்களுக்கு மட்டும் எதையும் குறைக்கவும் வேண்டாம்.

5. விளக்கு, எண்ணெய், திரி

குத்துவிளக்கு ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம் என்று பதிவின்போதே சொல்லுங்கள். மூன்றடி விளக்கை யாராவது தூக்கி வந்தால், எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு நேரே சுடர் நிற்கும்.

விளக்கு பாதம், தண்டு, அகல், மேலே குமிழ் அல்லது அன்னம் என்று மரை போட்டு இணைத்தது. தேய்த்துக் கழுவிவிட்டு அவசரத்தில் பாதி மட்டும் திருகிக் கொண்டுவருவார்கள். அந்த மரை வழியாகத்தான் எண்ணெய் கசிந்து தட்டில் குளம் கட்டும். மரையில் இரண்டு சுற்றுப் பஞ்சு நூல் சுற்றி இறுக்கினால் கசிவும் நிற்கும், ஆட்டமும் நிற்கும். முந்தின நாளே புளியோ சபீனாவோ போட்டுத் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காய வைக்கச் சொல்லுங்கள். அகலில் ஈரம் இருந்தால் சுடர் படபடவென்று தெறிக்கும்.

பாதத்தின் அடியில் இட எண்ணை எழுதி ஒட்டுங்கள், அதே எண் அவர் கையில் உள்ள டோக்கனிலும் இருக்க வேண்டும். பித்தளை விளக்கெல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான். பூஜை முடிந்த அரை மணிக்குள் "ஏனுங்க்கா, என்ற வெளக்கு இதில்லைங்க" என்று தொடங்கும். அது பாட்டி காலத்து விளக்காகவோ சீர் விளக்காகவோ இருக்கும். மாறிப்போனால் விலை கொடுத்து ஈடுகட்ட முடியாது.

விளக்கை விளிம்புள்ள தாம்பாளத்தில், கால் கிலோ அரிசி பரப்பி அதன்மேல் வையுங்கள். விளக்கு சறுக்காது, சிந்தும் எண்ணெயை அரிசி குடித்துக்கொள்ளும். செய்தித்தாளை அடியில் விரிப்பது கூடவே கூடாது.

எண்ணெய்க் கணக்கு: மெல்லிய பஞ்சுத் திரி ஒன்று மணிக்கு ஏழெட்டு மில்லி குடிக்கும். ஐந்து முகமும் ஏற்றி ஒன்றேகால் மணி எரிந்தால் விளக்குக்கு 50 மில்லி வரை ஆகும். தடித்த திரி என்றால் இதைப்போல ஒன்றரை மடங்கு. ஆகவே ஆளுக்கு 100 மில்லி புட்டி. 108-க்கு 10.8 லிட்டர், நடு விளக்குக்கும் கைவிளக்குகளுக்கும் இரண்டு லிட்டர். 15 கிலோ டின் ஒன்று வாங்கினால் 16 லிட்டருக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும். மிச்சத்தைக் கோயில் விளக்குக்குக் கொடுத்துவிடலாம். செக்கு நல்லெண்ணெய் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் ஆலையிலேயே கிடைக்கும். "தீப எண்ணெய்" என்று மலிவாக விற்பதில் புகை அதிகம், மூடிய மண்டபத்தில் கண் எரியும்.

திரியைப் பத்து நிமிடம் முன்பே எண்ணெயில் ஊற வைக்க வேண்டும். அகலுக்கு வெளியே ஒரு நெல்மணி நீளம் நீட்டினால் போதும். அரை அங்குலம் நீட்டினால் சுடர் உயரும், கரி பிடிக்கும்.

எத்தனை முகம்? 108 விளக்கில் ஐந்து முகம் என்றால் 540 சுடர். மின்விசிறியைப் போட முடியாத மண்டபத்தில் அது சூளை. வயதானவர்களுக்கு மயக்கம் வரும். திறந்த பிராகாரத்தில் ஐந்து முகம் ஏற்றலாம். மூடிய மண்டபத்தில் ஆளுக்கு இரண்டு முகம், மேடையில் உள்ள பெரிய விளக்கில் மட்டும் ஐந்து முகம் என்று முன்பே பூசாரியிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

6. குங்குமம், பூ, தாம்பூலம்

ஒரு போற்றிக்கு ஒரு சிட்டிகை என்றால் 108-க்கு 30 கிராம் ஆகும். 50 கிராம் பொட்டலம் சரியாக இருக்கும், மொத்தம் ஐந்தரை கிலோ. 1008 போற்றி என்றால் ஆளுக்கு 300 கிராம் குங்குமம் வேண்டும். செலவும் அதிகம், கையும் சிவந்து எரியும். அதற்கு உதிரிப்பூவோ அட்சதையோ வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போடுங்கள். உடனே ரோஸ் நிறம் கிளம்பினால் சாயம் கலந்தது, நெற்றியில் அரிப்பு வரும். மஞ்சளுக்குப் பேர்போன ஈரோடு பக்கத்தில் இருந்துகொண்டு சாயப்பொடி வாங்க வேண்டியதில்லை.

அர்ச்சனையை விளக்கின் பாதத்தில், ஒரு வெற்றிலைமேல் செய்யச் சொல்லுங்கள். அகலில் குங்குமம் விழுந்தால் திரி அடைத்துச் சுடர் மங்கும். பாதி விளக்குகள் நடுவில் மங்குவதற்கு இதுதான் காரணம்.

பூவை மொத்தமாகச் சத்தியமங்கலத்திலோ கோவை பூ மார்க்கெட்டிலோ வாங்குவீர்கள். சாதாரண நாளில் சில நூறுக்குக் கிடைக்கும் மல்லி, விசேஷத்துக்கு முந்தின நாள் ஆயிரத்தைத் தாண்டும். மல்லியை ஆளுக்கு ஒரு முழச் சரத்தோடு நிறுத்திவிட்டு, அர்ச்சனைக்குச் சம்பங்கியோ செவ்வந்தியோ ஆளுக்கு 50 கிராம் உதிரியாகக் கொடுங்கள். ஆறு கிலோ போதும். அரளி வேண்டாம். அது நஞ்சுள்ள செடி, நைவேத்தியத்தில் ஒரு இதழ்கூட விழக் கூடாது.

வெற்றிலை தாம்பூலத்துக்கு இரண்டு, அர்ச்சனைக்கு இரண்டு. கவுளிக்கு நூறு என்ற கணக்கில் ஐந்து கவுளி. ரவிக்கைத் துணி கொடுப்பதென்றால் ஈரோடு ஜவுளிச் சந்தையில் முழுத் துணிச் சுருளாக வாங்கி ஒரு மீட்டராக வெட்டிக்கொள்ளுங்கள், சந்தை திங்கள் இரவிலிருந்து செவ்வாய் வரை. கடையில் மடித்து விற்கும் துண்டு பெரும்பாலும் 80 செ.மீ. இருக்கும், தைக்கப் போதாது, கைமாறிக்கொண்டே இருக்கும்.

7. உட்கார வைப்பது

எல்லோரும் சாமியைப் பார்த்து, வகுப்பறை போல ஒருவர் பின் ஒருவராக உட்காருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதில் பின்வரிசை விளக்கு முன்வரிசைப் பெண்ணின் முந்தானைக்கும் சடைக்கும் ஓரடிக்குள் இருக்கும். குனிந்து நிமிர்ந்தால் போதும், செயற்கை நூல் சேலை பற்றிக்கொள்ளும்.

இரண்டிரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார வையுங்கள். விளக்குகள் இரண்டு வரிசைக்கும் நடுவில், முதுகுக்குப் பின்னால் மூன்றடி நடைபாதை. யார் முதுகுக்குப் பின்னாலும் சுடர் இருக்காது. எண்ணெய் கொண்டுவரும் தொண்டர்களும் அந்த நடைபாதையில்தான் நடக்க வேண்டும், விளக்கு வரிசைக்குள் கால் வைக்கக் கூடாது.

கீழே பவானி ஜமக்காளம் விரியுங்கள். பிளாஸ்டிக் பாய் சுடர் பட்டால் உருகி ஒட்டும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லி மைக்கில் இரண்டு முறை அறிவியுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனியாக ஒரு ஓரமும், பார்த்துக்கொள்ள இரண்டு பேரும் வேண்டும். நாலு மூலையிலும் மணல் வாளி, நனைத்துப் பிழிந்த சாக்கு, தீயணைப்புக் கருவி ஒன்று. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் தெறித்துப் பரவும் என்பதைத் தொண்டர் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

8. பாட்டு

பந்தலுக்கும் பூவுக்கும் கொடுக்கும் கவனத்தில் கால்பங்கு கூடப் பாட்டுக்குக் கிடைப்பதில்லை. வந்தவர்கள் மனதில் கடைசிவரை நிற்பது பாட்டு மட்டும்தான்.

தேர்வு. கூடிப் பாடுவதற்கு ஏற்றது வேறு, கேட்பதற்கு ஏற்றது வேறு. மகாலட்சுமி அஷ்டகம் முதல்முறைக்கு மிகப் பொருத்தம். எட்டு சுலோகமும் "மஹாலக்ஷ்மி நமோஸ்துதே" என்றே முடியும். சுலோகம் தெரியாதவர்கள்கூட அந்த இடத்தில் சேர்ந்துகொள்வார்கள், இரண்டாவது சுலோகத்திலேயே மண்டபம் முழுக்க ஒரு குரலாகிவிடும். நிதானமாகப் பாட ஐந்து நிமிடம். கனகதாரா ஸ்தோத்திரம் அழகு, ஆனால் நீண்ட கூட்டுச்சொற்கள், மூச்சு எங்கே விடுவதென்று தெரியாமல் கூட்டம் சிதறும். பதிப்புக்குப் பதிப்பு சுலோக எண்ணிக்கையும் மாறும். அதைப் பயிற்சி உள்ள இரண்டு பேர் சொல்ல, மற்றவர்கள் கேட்கட்டும்.

தமிழில் "விளக்கே திருவிளக்கே" என்று தொடங்கும் பழைய விளக்குப் பாட்டு நம் வீடுகளில் பாட்டிமார் வாயில் இருப்பது. ஊருக்கு ஊர் அடிகள் கூடும், குறையும். உங்கள் ஊர் ஆத்தாமார் பாடும் வடிவத்தையே எழுதி எடுத்து அச்சடியுங்கள். புத்தகத்தில் உள்ளதுதான் சரி என்று அவர்களைத் திருத்த வேண்டாம்.

சுருதி. தலைமைப் பாடகி பாட்டு கற்றவராக இருந்தால் ஐந்தரைக் கட்டையில் எடுப்பார் (கட்டை என்பது சுருதி உயரத்தின் அளவு). அவருக்கு அது சுகம், மற்ற 107 பேருக்கும் தொண்டை கட்டும். நாலு, நாலரைக் கட்டை போதும். பாட்டில் மிக உயரமான அடி எதுவோ அதை முதலில் எல்லோரையும் பாட வைத்துப் பாருங்கள். அது சிரமமில்லாமல் வந்தால்தான் அந்தச் சுருதி சரி. கைப்பேசியிலேயே சுருதிப் பெட்டி செயலி இருக்கிறது, அதை மைக் பக்கத்தில் ஓட விட்டால் நடுவில் சுருதி இறங்காது.

தாளம். ஜால்ரா ஒன்றே ஒன்று. நாலு பேர் கொண்டுவந்தால் நாலு காலம் ஓடும். கூட்டமாகப் பாடும்போது வேகம் இழுத்துக்கொண்டே போகும், அது இயல்பு. ஜால்ரா போடுபவர் பாடக் கூடாது, தாளத்தை மட்டும் பிடித்து நிற்க வேண்டும்.

மைக். தலைமைப் பாடகிக்கு ஒன்று, துணைக் குரலுக்கு ஒன்று, பூசாரிக்கு ஒன்று. மைக்கைக் கூட்டத்துக்குள் கைமாற்றி விடாதீர்கள். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே மைக் வந்தால் 'கீ' என்று கத்தும். தகரக் கூரை மண்டபத்தில் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். எதிரொலி வந்தால் பின்வரிசை எப்போதும் ஒரு அடி பிந்தியே பாடும்.

வரிசைக்கு ஒருவர். ஒத்திகையில் நன்றாகப் பழகிய ஆறு பேரை மேடையில் ஏற்றாமல் ஆறு வரிசையிலும் நடுவில் உட்கார வையுங்கள். பக்கத்தில் ஒரு குரல் தைரியமாக வந்தால் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். இதை மட்டும் செய்தால்கூடப் பாட்டு இரண்டு மடங்கு நன்றாக வரும்.

தாள். எழுத்து பெரிதாக, குறைந்தது 16 புள்ளி அளவில். விளக்கு வெளிச்சத்தில் படிக்க வேண்டும், பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். பாடும் அடி எங்கே முடிகிறதோ அங்கேயே வரியை உடையுங்கள். வடமொழிச் சுலோகத்தைச் சந்தி பிரித்து, ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளோடு அச்சடியுங்கள். தமிழில் ககரம், பகரம் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து என்பதால் "கதா", "பத்மா" போன்ற சொற்களை ஒத்திகையில் வாயால் சொல்லிக் கொடுத்தால்தான் உச்சரிப்பு ஒன்றாக வரும். மூன்று ஒத்திகை வையுங்கள், ஒவ்வொன்றும் முக்கால் மணி.

108 போற்றி சொல்ல ஒன்றுக்கு ஆறு நொடி, மொத்தம் 11 நிமிடம். 1008 என்றால் ஒரு மணி 40 நிமிடம். ஆக 1008 எடுத்தால் எண்ணெய்க் கணக்கையும் மாற்ற வேண்டும்.

மங்களத்தை மட்டும் கடைசிவரை தொடாதீர்கள். மங்களம் காதில் விழுந்தால் பூஜை முடிந்தது என்று கூட்டம் எழுந்துவிடும், பிறகு யார் சொன்னாலும் உட்காராது.

9. அன்றைய நேரம்

4.30: டோக்கன் காட்டி உள்ளே விடுதல்.
5.15: எல்லோரும் இடத்தில். அதன்பின் வருபவர்களுக்கு ஓரத்து இடம்.
5.30: மஞ்சள் பிள்ளையார் பூஜை, பிள்ளையார் பாட்டு ஒன்று.
5.50: சங்கல்பம். 108 பேரின் நட்சத்திரமும் வாசிக்க நேரமில்லை. பெயர்ப் பட்டியலைச் சாமி பாதத்தில் வைத்துப் பொதுவாகச் செய்யுங்கள்.
6.00: விளக்குக்கு மஞ்சள், குங்குமம், பூ. எண்ணெய் நிறைத்தல்.
6.15: விளக்கேற்றுதல். கருவறை விளக்கிலிருந்து ஆறு கைவிளக்கு ஏற்றி, வரிசைக்கு ஒன்றாக. ஆறேழு நிமிடத்தில் முடியும். தீப்பெட்டி யார் கையிலும் வேண்டாம். இந்த நேரம் முழுவதும் விளக்குப் பாட்டு.
6.35: 108 போற்றி, குங்கும அர்ச்சனை. முடிந்ததும் தொண்டர்கள் ஒருமுறை எண்ணெய் விடுவார்கள், அகலின் ஓரமாக, சுடரைத் தாண்டிக் கை நீட்டாமல்.
6.50: அஷ்டகம், மூன்று பாட்டு.
7.10: நைவேத்தியம், தீபாராதனை. கற்பூரம் மேடையில் மட்டும். ஆளுக்கு ஆள் ஏற்றினால் புகை மண்டும்.
7.20: மங்களம்.
7.30: விளக்கை மலையேற்றுதல், அதாவது அணைத்தல்.

மலையேற்றும்போது வாயால் ஊதவோ, சூடான எண்ணெயில் பால் சொட்டவோ வேண்டாம், பால் தெறிக்கும். பூக்காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்தால் சாந்தமாக அடங்கும். பத்து நிமிடம் ஆறிய பிறகே விளக்கைத் தொடலாம். அந்தப் பத்து நிமிடத்தைக் கும்மிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடு விளக்கைச் சுற்றி எல்லோரும் இரண்டு கும்மிப் பாட்டு அடிக்கட்டும். நம் பக்கத்துப் பெண்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற விளக்குகள் அடங்கிய பிறகுதான் கும்மி, அதற்கு முன் வேண்டாம்.

10. பிரசாதம்

108 விளக்குக்கு 250 பேர் வருவார்கள். சர்க்கரைப் பொங்கலுக்கு 5 கிலோ பச்சரிசி, ஒன்றேகால் கிலோ பாசிப்பருப்பு, 9 கிலோ வெல்லம் அல்லது கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, ஒன்றரை கிலோ நெய். தொன்னைக்கு 120 கிராம் வீதம் எல்லோருக்கும் வரும். அரிசி முழுவதும் குழைந்த பிறகே வெல்லம் சேர்க்க வேண்டும். முன்னால் சேர்த்தால் அதன்பின் அரிசி வேகாது. சுண்டலுக்குக் கொண்டைக்கடலை 6 கிலோ, முந்தின நாள் இரவே ஊறப்போட வேண்டும். அடுப்பு 4.30-க்குப் பற்ற வைத்தால் 6.45-க்குள் நைவேத்தியத்துக்குத் தயாராகும்.

11. முடிந்த பிறகு

வெளியேறும் வழி ஒன்றே ஒன்று. வாசலில் டோக்கன் எண்ணையும் விளக்கு எண்ணையும் ஒத்துப் பார்த்தபின் தாம்பூலப் பையைக் கொடுங்கள். தாம்பூலத்தை முன்பே கொடுத்துவிட்டால் யாரும் நின்று எண் காட்ட மாட்டார்கள்.

எண்ணெய் படாத அரிசியைச் சலித்துக் கோயில் அன்னதானத்துக்கு, பட்டதை மாட்டுத் தீவனத்துக்கு. அர்ச்சனைக் குங்குமத்தை அவரவரே மடித்து எடுத்துப் போகத் தாள் கொடுங்கள். பூவை நொய்யலிலோ பவானியிலோ கொட்டாமல் தென்னை மூட்டில் போடுங்கள். தரையில் படிந்த எண்ணெய்க்கு முதலில் மரத்தூள் அல்லது தவிடு தூவிக் கூட்டி, அதன்பின் வெந்நீரும் சோப்புத்தூளும். நேரே தண்ணீர் விட்டால் கல் முழுக்கப் பரவி, மறுநாள் காலையில் சாமி கும்பிட வருபவர் வழுக்கி விழுவார்.

வரவு செலவை மூன்று நாளுக்குள் எழுதிக் கோயில் பலகையில் ஒட்டுங்கள். மிச்சம் இருந்தால் எவ்வளவு, எதற்கு என்று அதிலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டுக்கு நாள் கேட்கும் கடிதத்தையும் அதே வாரத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள்.